கண்மாய்க்கரையில் நடந்தால் எழுத்து வருமா?

கேள்வி: நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறோம். மூத்தவளுக்கு ஐந்து வயது, சின்னவனுக்கு மூன்று. யுகேஜிக்குப் போகமாட்டேன் என்று மூத்தவள் தினமும் அழுததால் நிறுத்திவிட்டேன். இப்போது காலையில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன். மிச்ச நேரம் வீட்டில் விளையாடுகிறார்கள். "இப்படியே விட்டா மாடுதான் மேய்க்கும்" என்கிறார் மாமியார். இதையே படிப்பாக மாற்ற முடியுமா? சட்டச் சிக்கல் வருமா? பின்னால் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களா?

பதில்: சட்டக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் அது பேசுகிறது. உங்கள் மூத்தவளுக்கு ஐந்துதான் என்பதால் அந்தச் சட்டப்படி இப்போது கட்டாயம் எதுவும் இல்லை. ஆறு வயதிலிருந்து பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அது சொல்கிறது. வீட்டுக்கல்வியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தையும் இல்லை.

உங்களுக்கு உதவக்கூடியது அதன் நான்காவது பிரிவு. பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போனதைப் பிடிக்கத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. வீட்டிலேயே தொடர நினைத்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி (என்ஐஓஎஸ்) இருக்கிறது. 3, 5, 8 வகுப்புகளுக்கு இணையான நிலைகளும், 14 வயது முடிந்தவர்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வும் அதில் உண்டு. என்னைக் கேட்டால், இப்போதே பத்தாம் வகுப்பு வரை திட்டம் போடாதீர்கள். அவளுக்கு ஆறு வயது ஆகும்போது மறுபடி உட்கார்ந்து யோசியுங்கள். பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசி அட்டையும் பத்திரமாக இருக்கட்டும்.

அப்புறம் அந்த அழுகை. அதற்குக் காரணம் தெரியுமா? காதும் கண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கரும்பலகை தெரியாமலும், டீச்சர் பேசுவது பாதிதான் காதில் விழுந்தும் அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட காரணம் ஏதாவது இருந்தால், வீட்டில் வைத்துக்கொள்வது அதை மறைத்துத்தான் வைக்கும்.

இனி நடைக்கு வருகிறேன். நான் செய்த ஒரு கூத்தைச் சொன்னால் உங்களுக்கு வேலை மிச்சம். மழலையர் வகுப்பு எடுக்க ஆரம்பித்த புதிதில், பங்குனி மாதம், காலை பத்தரை மணிக்கு, பன்னிரண்டு பிள்ளைகளை ஒரு கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போனேன். கையில் ஆளுக்கொரு தாள்: ஐந்து இலை, மூன்று பறவை, இரண்டு பூச்சி பார்த்து டிக் போட வேண்டும். கால் மணி நேரத்தில் நாலு பேர் அழுகை, இரண்டு பேர் செருப்பைக் காணோம். எல்லாரும் ரசித்தது ஒன்றே ஒன்றுதான். வழியில் ஒரு எருமை சாணி போட்டது. என் தாளில் அது இல்லை.

அன்றைக்கு இரண்டு விஷயம் புரிந்தது. மதுரை வெயிலில் நடை என்றால் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல் கிளம்ப வேண்டும். இன்னொன்று, என்ன பார்ப்பது என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்யும்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். தினம் ஒரு புது இடம் என்றால் பிள்ளைக்கு வேடிக்கை மட்டும்தான் மிஞ்சும். அதே மடை, அதே பூவரச மரம் என்று போனால்தான் "நேத்து இது இல்லையே" என்று சொல்ல முடியும். நேற்றையதை நினைவில் வைத்து இன்றையதோடு ஒப்பிடுவதுதான் அறிவியல் பாடத்தின் முதல் படி. கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய் ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து கலுங்கு (மிச்சத் தண்ணீர் வெளியேறும் கற்கட்டு) வழியாக மறுகால் பாய்வதை ஒரு பிள்ளை ஒரே கரையில் நின்று பார்த்துவிட்டால், தண்ணீரைப் பற்றி அதற்குப் படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. மடை, கலுங்கு, உள்வாய் (கண்மாயில் தண்ணீர் நிற்கும் உட்பகுதி) என்ற வார்த்தைகளும் கூடவே வந்துவிடும்.

தண்ணீர் இருக்கும் மாதங்களில் முக்குளிப்பானைத் தேடுங்கள். கைக்குள் அடங்குகிற அளவு வாத்து மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கிவிடும். முங்கியவுடன் மூத்தவள் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும், சின்னவன் அது எங்கே எழும்பும் என்று கை காட்ட வேண்டும். ஒருமுறை பன்னிரண்டு வரும், ஒருமுறை பதினேழு வரும். "எது ஜாஸ்தி? எத்தனை ஜாஸ்தி?" என்று கேட்டால் கழித்தல் கணக்கு. கேட்காமல் விட்டாலும் மூன்றாவது நாள் அவளே சொல்வாள். பக்கத்திலேயே கறுப்பு உடம்பில் நெற்றி மட்டும் வெள்ளையாக ஒரு பறவை நீந்தும். அதற்கு ஏன் நாமக்கோழி என்று பெயர் வந்தது என்று கேளுங்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கோடையில் கண்மாய் வற்றினால் மண்ணைப் பாருங்கள். திண்ணை ஓரம், மரத்தடி, மழைச்சாரல் படாத பொடிமண்ணில் சின்னச் சின்னப் புனல் மாதிரிக் குழிகள் இருக்கும். குழியானை என்ற பூச்சியின் வேலை அது. உட்கார்ந்து, மூச்சுக் காற்று படாமல் பார்க்க வேண்டும். எறும்பு ஒன்று விளிம்பில் வழுக்கினால் அடியிலிருந்து மண் பீய்ச்சி அடிக்கும், எறும்பு இன்னும் சரியும். குழியை அப்படியே மண்ணோடு அள்ளி உள்ளங்கையில் சலித்தால், மண் நிறத்தில் உளுந்து அளவு ஒரு உருண்டை மிஞ்சும். கொஞ்ச நேரம் செத்த மாதிரிக் கிடந்துவிட்டுப் பின்பக்கமாகவே நகரும். "ஏம்மா இது ரிவர்ஸ்லயே போகுது?" என்று பிள்ளை கேட்கும். உடனே விளக்கம் சொல்லாதீர்கள். "தெரியலையே, நீ என்ன நினைக்கிற?" என்று திருப்பிவிடுங்கள். வளர்ந்தபின் இதற்கு மெல்லிய இறக்கை முளைத்துத் தட்டான் சாயலில் பறக்கும் என்பதை ஒரு வாரம் கழித்துச் சொன்னால் போதும். அந்த ஒரு வாரமும் குழியானையைப் பற்றிய பேச்சு வீட்டில் ஓடும்.

மாடு மேய்க்கிற பேச்சுக்கு வருவோம். எனக்குப் புல் பூண்டின் பெயர் பாதி தெரிந்தது மாடு மேய்ப்பவர்களிடம்தான். கரையில் யாராவது இருந்தால் பேச்சுக் கொடுங்கள். பிள்ளைகளும் கேட்கட்டும்.

மாதம் ஒருமுறை வேறு இடம். உங்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை பக்கம்தானே? அடிவாரத்து ஆலமரமும் தாமரைக் குளமுமே ஒரு காலைக்குப் போதும். படியேறித் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்தால் "இவர் ஏன் சட்டை போடலை?" என்றுதான் முதல் கேள்வி வரும், தயாராக இருங்கள். அரிட்டாபட்டி கொஞ்சம் தூரம். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். வல்லூறு வகைகள் இருக்கின்றன, ஆனால் மூன்று வயதுக்காரனுக்கு அது எட்டாத உயரம். அவன் இன்னும் பெரியவனாகட்டும்.

இதெல்லாம் வசதிக்காரர்களின் புதுப் பழக்கம் என்று யாராவது சொன்னால், மாண்டிசோரிக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியைச் சொல்லுங்கள். ஆசிரியர் பயிற்சி தர 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர், போர் காரணமாக ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே தங்க நேர்ந்தது. அதில் இரண்டு வருடம் போல நம் பக்கத்து மலையான கொடைக்கானலில் இருந்தார். செடி, பூச்சி, கல் என்று சுற்றியிருப்பதை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வேலையில் பெரும் பங்கு அங்கேதான் நடந்தது.

வீட்டுக்குள் விளையாட்டு என்றால் பொம்மை வாங்கக் கிளம்பாதீர்கள். என் தங்கை மகன் ஒருநாள் வாசலில் பூக்காரம்மாவிடம் வாங்கிய மல்லிகைச் சரத்தை அளந்தான். அந்த அம்மா கையில் இரண்டு முழம், இவன் கையில் மூன்றரை. அவனுக்கு ஒரே சந்தேகம். அவன் அம்மா அளந்தாள், வேறு கணக்கு வந்தது. அப்பா அளந்தார், இன்னொரு கணக்கு. "அடுத்த தடவ அப்பா கையால அளந்து வாங்கணும்" என்று முடிவுக்கு வந்தான். ஆளுக்கு ஆள் மாறாத ஒரு அளவு வேண்டும், அதற்குத்தான் ஸ்கேல் என்பதை அவனுக்கு அதற்குப் பிறகு யாரும் விளக்கவில்லை. வீட்டில் பழைய படி, உழக்கு இருந்தால் பரணிலிருந்து இறக்குங்கள். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசியோ மணலோ கொட்டி அளக்கட்டும். அரை, கால், அரைக்கால் எல்லாம் அதிலேயே இருக்கின்றன.

கோலமாவை மூத்தவள் கையில் கொடுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து மாவை விடுகிற பிடிதான் பென்சில் பிடிக்கும் பிடி. ஏழில் தொடங்கி நாலில் முடியும் ஊடுபுள்ளி வைத்தால் (நடுவில் ஏழு, இரண்டு பக்கமும் ஆறு, ஐந்து, நாலு) மொத்தம் 37 புள்ளி. எண்ணுவதற்கு அவளுக்கு அது சரியான எண்ணிக்கை.

இனி கசப்பான பகுதி. இவ்வளவும் செய்தாலும் எழுத்து தானாக வராது. பேச்சு தானாக வரும், வாசிப்பு வராது. "இயற்கையோடு இருந்தால் பிள்ளை தானே படித்துக்கொள்ளும்" என்று சொல்லும் வீடுகளில் எட்டு வயதிலும் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நடை உங்களுக்குத் தருவது வார்த்தைகளையும், சொல்ல ஒரு விஷயத்தையும். எழுத்தை நீங்கள்தான் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். தினம் கால் மணி நேரம் போதும், ஆனால் தினம். சின்னவனுக்கு இப்போது வேண்டாம்.

247 எழுத்தையும் அ-விலிருந்து வரிசையாக ஆரம்பிக்காதீர்கள். அ எழுதுவது ஐந்து வயது விரலுக்குக் கஷ்டம். ட, ப, ம எளிது, நேர்க்கோடும் சின்ன வளைவும்தான். அதோடு ர-வையும் புள்ளி வைத்த ட், ம் இரண்டையும் சேர்த்தால் படம், மரம், மடம், பட்டம் என்று முதல் வாரத்திலேயே வார்த்தை வாசிக்கலாம். வார்த்தை வாசித்த பிள்ளை அடுத்த எழுத்தைக் கேட்டு வாங்கும். கூடவே, நடந்து வந்ததும் அவள் சொல்கிற ஒரு வாக்கியத்தை அவள் கண்முன்னால் ஒரு நோட்டில் நீங்கள் எழுதுங்கள். "குழியானை ரிவர்ஸ்லயே போகுது" என்றால் அப்படியே எழுத வேண்டும், இலக்கணம் திருத்தக் கூடாது. தேதி போடுங்கள். பக்கத்தில் அவள் படம் வரையட்டும். இரண்டு மாதத்தில் அவளே வாசிக்க விரும்புகிற முதல் புத்தகம் அந்த நோட்டுதான். பின்னால் பள்ளியில் சேர்க்கும்போது "வீட்டில் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் நீட்டுவதற்கும் ஒன்று ஆச்சு.

பாதுகாப்பு. தண்ணீர் உள்ள கண்மாயில் கரைக்குக் கீழே இறங்கக் கூடாது. மண் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது. எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. அரளி, ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி இவை வாய்க்குப் போகக் கூடாது. குன்றிமணி பார்க்க மிட்டாய் மாதிரி இருக்கும், மென்றால் உயிருக்கே ஆபத்து, சின்னவன் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள் அப்பிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம்.

மூன்று, நான்கு வயதில் ஒரு நாளைக்கு மொத்தம் 180 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும், செல்போன், டிவி ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சின்னவனுக்கு அது நேராகப் பொருந்தும். காலை நடையும் மாலையில் தெரு விளையாட்டும் சேர்ந்தால் அந்தக் கணக்கு சரியாகிவிடும். பகல் வெளிச்சத்தில் அதிகம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்பதும் நிரூபணமான விஷயம். மாலைத் தெரு விளையாட்டைத் தவிர்க்காதீர்கள். தம்பியோடு மட்டும் விளையாடும் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கவும் சண்டை போடவும் ஆள் பத்தாது. நொண்டி ஆட ஐந்தாறு பேர் வேண்டும். சின்னவனை அங்கன்வாடிக்குக் கொஞ்ச நேரம் அனுப்பிப் பார்க்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

மாமியாரோடு வாதாடிப் பயனில்லை, வேலை கொடுங்கள். பல்லாங்குழி அவருக்குத் தெரியாமல் இருக்காது. 14 குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் எழுபது. ஆடும்போது ஒரு குழியில் நாலு சேர்ந்தால் பசு. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் மூத்தவளும் ஆடட்டும், நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் யாருக்கு எத்தனை பசு, யாரிடம் எத்தனை கொட்டை என்று எண்ணிச் சொல்வது மூத்தவளின் பொறுப்பு. அவள் தப்பாக எண்ணினால் பாட்டி சும்மா விடமாட்டார்.