இருள்வினை என்றால் இரவு வேலை இல்லை

‘இருள்வினை இரவில் நடக்கும்’ என்று எழுதியதற்கு மகளுக்கு மதிப்பெண் போய்விட்டது, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். இருள்வினை என்பது ஒளிச்சேர்க்கையில் சர்க்கரை உருவாகும் கட்டம்; குழப்பம் அந்தப் பெயரால் வந்தது, பிள்ளை என்ன செய்வாள்!

இலைச் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்துக்குள் தைலக்காய்டுகள் என்ற தட்டையான சவ்வுப் பைகள் சில்லறைக் காசை அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். அந்த அடுக்குதான் கிரானம். பச்சையம் அந்தச் சவ்வில் இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் அங்கே தண்ணீர் பிளந்து ஆக்சிஜன் வெளியேறும், ஆற்றலைச் சுமக்கும் ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் உருவாகும். சுற்றியுள்ள ஸ்ட்ரோமா என்ற திரவத்தில் ரூபிஸ்கோ நொதி கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும்; சர்க்கரை வேலை அங்கே தொடங்குகிறது. இதுதான் இருள்வினை. அதற்கு வெளிச்சம் நேரடியாகத் தேவையில்லை. சரி, ஆனால் அந்த ஏடிபி வேண்டுமே? விளக்கை அணைத்தால் சீக்கிரமே கையிருப்பு தீர்ந்து நின்றுவிடும். அப்புறம், ரூபிஸ்கோவை முடுக்கிவிடுவதும் வெளிச்சம்தான். இனி இருள்வினையை ‘கால்வின் சுழற்சி’ என்றே எழுதச் சொல்லுங்கள்.