கொலுசு டிசைன் யார் கைக்குப் போகிறது?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். டிசைன்களை வெளியூர் வியாபாரிகளுக்கும், கணக்கை ஆடிட்டருக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது. இப்போது எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் போகிறது. மகள் கூகுள் டிரைவ் என்கிறாள், ஆடிட்டர் பென்டிரைவ் போதும் என்கிறார். எது பத்திரம்?

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அவர் வைத்துத் தரும் செட்டிங்கை ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நடுவழியில் யாரும் படிக்க முடியாது, சரி. போய்ச் சேர்ந்த பிறகு? வியாபாரியின் கேலரியில் கிடக்கும்; அங்கிருந்து அவர் கடைப் பையன் போனுக்குப் போகும். உங்கள் பிடியில் எதுவும் இல்லை. பென்டிரைவ் செவ்வாய்ப்பேட்டைக் கூட்டத்தில் விழுந்தால் எடுத்தவருக்கு அதிர்ஷ்டம்.

கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம். ஜிமெயிலும் போட்டோக்களும் அதே கணக்கில்தான் இடம் பிடிக்கும் என்பதால் பட்டறைக்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள். டிசைன் போடும் தம்பியின் சொந்தக் கணக்கில் வைக்கவே வேண்டாம். அவர் நாளைக்கு வேறு பட்டறைக்குப் போனால் டிசைனும் கூடவே போகும். பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். ஓடிபி கேட்டு யார் போன் செய்தாலும், குரல் எவ்வளவு மரியாதையாக இருந்தாலும், கொடுக்காதீர்கள்.

இனிதான் முக்கியமான இடம். பகிரும்போது 'லிங்க் உள்ள எவரும்' என்று ஒரு வசதி வரும். வேலை சுலபம் என்று எல்லோரும் அதைத்தான் அழுத்துகிறார்கள். பட்டறைச் சாவியை டீக்கடையில் கொடுத்து வைப்பதும் அதுவும் ஒன்றுதான். லிங்க் யாரிடம் போனாலும் கோப்பு திறக்கும். அதற்குப் பதிலாக வியாபாரியின் ஈமெயில் முகவரியைச் சேர்த்து, பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள், டவுன்லோடையும் நிறுத்தலாம். ஸ்கிரீன்ஷாட் எடுப்பதை மட்டும் டிரைவில் தடுக்க முடியாது. அதனால் வியாபாரிக்குச் செய்து முடித்த கொலுசின் போட்டோ போதும். அச்சு வெட்டுவதற்கான கேட் (CAD) கோப்பை, அதாவது கம்ப்யூட்டரில் வரைந்த டிசைனை, எதற்கு அனுப்புகிறீர்கள்?

அந்தக் கேட் கோப்புகளைக் கிரிப்டோமேட்டர் போன்ற மென்பொருளில் பூட்டி, அதன் பிறகு டிரைவில் ஏற்றுங்கள். கம்ப்யூட்டரில் அது இலவசம். டிரைவ் கணக்கே திருடு போனாலும் உள்ளே இருப்பது யாருக்கும் புரியாது. பாஸ்வேர்டும், அது மறந்தால் திறக்க உதவும் மீட்புச் சாவியும் சேர்ந்து தொலைந்தால் உங்களுக்கும் புரியாது! இரண்டையும் தாளில் எழுதி வெள்ளிக்கட்டி வைக்கும் லாக்கரிலேயே வையுங்கள்.

அப்புறம், கம்ப்யூட்டரோடு இணைந்த கூகுள் டிரைவில் ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். ஆகவே ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு நகல் வீட்டில் இருக்கட்டும்.

ஆடிட்டருக்குக் கணக்கு ஃபோல்டர் மட்டும் போதும், டிசைன் பக்கம் அவருக்கு வேலையில்லை. தாக்கல் முடிந்ததும் அவர் பெயரை நீக்கிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.