ஒரு மணி நேர ரயில் பயணத்துக்கு அந்தப் பள்ளி ஈடாகுமா?

கேள்வி: நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வசிக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளுக்கு, நுழைவுத் தேர்வு வைக்கும் மேக்னெட் பள்ளி (சிறப்புப் பாடத்திட்டத்தால் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்களை ஈர்க்கும் பொதுப் பள்ளி) ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. ரயிலில் போக ஒரு மணி நேரம் ஆகும். அவளோ தோழிகளோடு வீட்டருகே உள்ள பொது உயர்நிலைப் பள்ளியில் சேரவே விரும்புகிறாள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் சராசரி மதிப்பெண்ணில் இரண்டுக்கும் பெருத்த வித்தியாசம் இருக்கிறது. அவளை வற்புறுத்தலாமா?
- ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் ஒப்பிட்ட சராசரி, அந்தப் பள்ளியில் யார் சேர்கிறார்கள் என்பதைச் சொல்கிறதே தவிர, சேர்ந்தவர்களுக்குப் பள்ளி என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. உங்கள் நகரில் ஆண்டுதோறும் சுமார் 25 ஆயிரம் பேர் எழுதும் தேர்வில் ஏறக்குறைய 4 ஆயிரம் பேருக்கே இடம் கிடைக்கிறது. அவ்வாறு வடிகட்டிச் சேர்த்த பிள்ளைகள் எங்கே படித்தாலும் நல்ல மதிப்பெண் பெறக்கூடியவர்கள்தாம்.

கட்-ஆஃப் என்றால் என்னவென்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நின்று இடம் பெற்றவர்களையும், சற்றுக் கீழே நின்று தவறவிட்டவர்களையும் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் ஒப்பிட்ட பொருளியல் ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. 2021-இல் நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா ஆங்கிரிஸ்ட் அதை எழுதியவர்களுள் ஒருவர். உடன் படிப்பவர்களின் தரம் வெகுவாக மாறியபோதும், இரு சாராரின் தேர்வு மதிப்பெண்களில், எஸ்.ஏ.டி. உட்பட, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இது கோட்டை ஒட்டி நின்றவர்களைப் பற்றிய முடிவு. மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது.

மேக்னெட் பள்ளியால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. கனெக்டிகட் மாநிலத்தில், நகர்ப்புறப் பிள்ளைகளும் புறநகர்ப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் மேக்னெட் உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்தபோது, நகர்ப்புற மாணவர்கள் கணிதத்திலும் வாசிப்பிலும் முன்னேறியிருந்தார்கள். அதற்கு நான் காணும் காரணம், அங்கே சேராமல் இருந்திருந்தால் அவர்களுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பள்ளிகள் நலிந்தவை என்பதே.

ஆகவே நீங்கள் நுணுகிப் பார்க்க வேண்டியது வீட்டருகே உள்ள பள்ளியைத்தான். ஏ.பி. கால்குலஸ், ஏ.பி. இயற்பியல் போன்ற கல்லூரித் தர வகுப்புகள் ஆண்டுதோறும் தவறாமல் நடக்கின்றனவா, ஒன்பதாம் வகுப்பிலேயே மேல்நிலைக் கணிதம் எடுக்க விடுகிறார்களா என்று நேரில் கேளுங்கள். ஆம் எனில், நாளுக்கு 2 மணி நேரத்தை ரயிலில் கழிக்கச் சொல்லி அவளை வற்புறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இல்லை எனில், அந்தக் குறையை அவளுக்கு எடுத்துச் சொல்லி, பள்ளி நாள் ஒன்றின் காலையில் அதே ரயிலில் அவளை அழைத்துச் சென்று அந்த வளாகத்தைக் காட்டிவிட்டு, பிறகு அவள் விருப்பத்தை மறுபடியும் கேளுங்கள்.