ஜியாலஜி படிக்கட்டும், அண்ணாச்சி

அண்ணாச்சி, வணக்கம். நீட் எழுதாமல் ஜியாலஜிதான் படிப்பேன் என்று மகள் நிற்கிறாள், பழைய பவளப்பாறையைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கவலைதான். ஆனாலும் தடுக்காதீர்கள்.

அவள் ஆசைப்படுவது பழைய பவளத்தின் வயதை அளந்து, அன்றைய கடல்மட்டத்தைக் கண்டுபிடிக்கும் வேலை. பவளம் வளரும்போது கடல்நீரிலுள்ள யுரேனியத்தைக் கொஞ்சம் தன் கூட்டில் சேர்த்துக்கொள்ளும். தோரியம் என்ற தனிமம் அநேகமாகச் சேராது. பிறகு அந்த யுரேனியம் சிதைந்து தோரியம்-230 ஆகிக்கொண்டே வரும். இரண்டின் விகிதத்தை அளந்தால் சுமார் ஐந்து லட்சம் ஆண்டுகள் வரை வயது சொல்லலாம். ஆழம் குறைந்த நீரில் மட்டும் வளரும் இனமாக இருந்தால், அன்றைய கடல்மட்டமும் தெரிந்துவிடும். பனியுகத்தின் உச்சத்தில் கடல் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்ததை 1989இல் கரீபியன் தீவான பார்படோஸின் பவளங்கள்தான் காட்டின. அப்போது இராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்குத் தரைவழியாகவே போயிருக்கலாம்!

ஆனால் கடலோரம் சுற்றும் வேலை என்று அவள் நினைத்திருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மழைநீர் பட்டுப் படிகம் மாறிய பவளம் தப்பான வயது காட்டும். அதனால் எக்ஸ்-ரேயில் சோதித்து, பல் டாக்டர் வைத்திருக்கும் டிரில்லால் கெடாத இடத்தில் மட்டும் பொடி எடுப்பார்கள். அந்த நிலமே பிற்பாடு உயர்ந்ததா, தாழ்ந்ததா என்றும் கணக்குப் பார்க்க வேண்டும். கெமிஸ்ட்ரியும் பிசிக்ஸும் பிடிக்காத பிள்ளைக்கு இது சரிவராது.

சரி, வேலைக்கு வருவோம். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலேயே ஜியாலஜி இருக்கிறது. அப்புறம் ஜாம் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேரலாம். எம்.எஸ்சி. முடித்தால் யூ.பி.எஸ்.சி. நடத்தும் புவி விஞ்ஞானி தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குப் போகலாம். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சிக்குமான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி மாணவர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பிஎச்.டி. படிக்கலாம். பவள ஆராய்ச்சியில் மட்டும் நிரந்தர இடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். நிலத்தடி நீர், சுரங்கம் என்று மற்ற வழிகளும் அதே பட்டத்துக்கு உண்டு.

லீவில் கொற்கைக்குக் கூட்டிப்போங்கள். பாண்டியர் துறைமுகம் இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. தாமிரபரணி வண்டலால் கரை வளர்ந்தது எவ்வளவு, கடல் இறங்கியது எவ்வளவு என்று அவளையே யோசிக்கச் சொல்லுங்கள். கரையில் ஒதுங்கும் பவளத்தை மட்டும் பொறுக்கி வர வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தில் அது குற்றம்.

ரிசல்ட் வந்ததும் மார்க் ஷீட்டோடு அவளையும் அழைத்து வாருங்கள். அவளிடம் நேரில் பேச வேண்டும்.