8800 என்று அடித்தால் 8800 ஆகிவிடுமா?

வெளிநாட்டு உறவுகள் கொண்டுவந்து தந்த லப்டொப்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் வயதாகிவிட்டது போல. இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே பற்றரி பற்றியவை.

ஆசிரியை, புதுக்குடியிருப்பு: ஏழு வருடப் பழைய லப்டொப். கரண்ட் போனால் கால் மணித்தியாலத்தில் நின்றுவிடுகிறது. கடையில் இரண்டு பற்றரி காட்டினார்கள். ஒன்றில் 4400 மில்லி அம்பியர் அவர் (mAh), மற்றதில் 8800. அளவும் விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரியதை எடுக்கவா?

வேண்டாம் ரீச்சர். இந்த எண் விளையாட்டைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பின்பக்கம் கழற்றிப் பூட்டும் பழைய மாதிரிப் பற்றரிக்குள் அநேகமாக இருப்பது 18650 என்கிற உருளைச் செல்கள் ஆறு. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். மூன்றைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட், அப்படி இரண்டு வரிசை சமாந்தரமாக. தொடரில் வோல்ட்தான் கூடும், சமாந்தரத்தில்தான் இந்த 4400 போன்ற எண் கூடும். ஆகவே 4400 என்றால் ஒரு செல்லுக்கு 2200, அது நம்பக்கூடிய கணக்கு. 8800 என்றால் ஒவ்வொரு செல்லும் 4400 பிடிக்க வேண்டும். பெயர்பெற்ற கம்பனிகளின் நல்ல 18650 செல்களே 3500 பக்கத்தில்தான் நிற்கின்றன. அதே கூட்டுக்குள், அதே விலைக்கு 4400 எங்கேயிருந்து வரும்? கூடுதலாகச் செலவானது லேபிளில் அடித்த மை மட்டும்தான்.

இந்த mAh எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதே பிழை. அதை ஆயிரத்தால் வகுத்து, வோல்ட்டோடு பெருக்கினால் வருகிற ‘வாட் அவர்’ (Wh) என்ற அளவைப் பாருங்கள், பற்றரி மொத்தம் எவ்வளவு சக்தி பிடிக்கும் என்பதைச் சொல்வது அதுதான். 11.1ஐ 4.4ஆல் பெருக்கினால் 48.8. உங்கள் பழைய பற்றரியின் லேபிளிலும் இந்த எண்ணோ, பெருக்கி எடுப்பதற்கான இரண்டு எண்களோ இருக்கும். புதியது அதற்குக் கிட்டவாக இருந்தால் சரி. 10.8, 11.1 என்று வித்தியாசமாக அடித்திருந்தால் பயப்பட வேண்டாம், இரண்டும் ஒரே வகைதான். ஆனால் 11.1 இருந்த இடத்தில் 14.8ஐப் போட நினைக்கவே கூடாது. விண்டோஸ் தருகிற பற்றரி அறிக்கையையும் முழுக்க நம்பவேண்டாம், ஏனென்றால் அந்தக் கணக்கைச் சொல்வது பற்றரிக்குள் இருக்கும் சிப், பொய் லேபிள் ஒட்டியவன் சிப்பிலும் பொய் எழுதியிருக்கலாம். முழுதாக ஏற்றி, வயரைக் கழற்றி, மணிக்கூட்டைப் பாருங்கள். என் லாச்சியிலும் 9900 என்று அடித்த டோர்ச் செல் இரண்டு கிடக்கின்றன, பின்வளவுக்குப் போய்த் திரும்புமுன் வெளிச்சம் மங்கிவிடும்.

மாணவன், அறிவியல் நகர்: டெல் லப்டொப். வயர் சொருகினால் வேலை செய்கிறது, பற்றரி ஏறவில்லை. புதுப் பற்றரி போட்டும் அப்படியே. வேறு கடையில் இன்னொன்று வாங்கவா?

தம்பி, முதலாவதை வாங்க முன்னமே கேட்டிருக்கலாமே. டெல் சார்ஜரின் உருண்டை முனைக்கு நடுவில் மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். அதன் வழியாகத்தான் லப்டொப் தன் சார்ஜரை இனங்காணும். ஊசி வளைந்தாலோ, வயர் உள்ளே அறுந்தாலோ, வேறு கம்பனிச் சார்ஜர் என்றாலோ லப்டொப் ஓடும், பற்றரி ஏறாது. தொடங்கும்போது அடாப்டரை அடையாளம் காண முடியவில்லை என்று ஒரு வரி வந்திருக்கும், நீங்கள் வாசிக்காமல் என்டரைத் தட்டியிருப்பீர்கள். கூட்டாளியின் டெல் சார்ஜரை வாங்கிப் போட்டுப் பாருங்கள். பழைய பற்றரியை எறியவில்லையே?

மல்லாவி வாசகர்: டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது. மவுஸ் பூட்டிச் சமாளிக்கிறேன். இன்னும் எவ்வளவு காலம் தாங்கும்?

இன்றைக்கே நிறுத்துங்கள். கீழே இருக்கிற பற்றரி வாயு பிடித்து வீங்கிவிட்டது. சார்ஜ் போடக்கூடாது, அழுத்தக்கூடாது. ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று சொல்கிறவரிடம் லப்டொப்பைக் கொடுக்கவே கூடாது. கழற்றியதை வளவு மூலையில் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிடாதீர்கள்.

தையல் வேலை செய்யும் தாய், கிளிநொச்சி: மகளின் படிப்புக்காகச் சீட்டுக் காசில் வாங்கிய பற்றரி ஒரு மாதத்தில் செத்துவிட்டது. ஆறு மாதம் வாரண்டி என்று வாயால் சொன்னவர், இப்போது பற்றரிக்கு வாரண்டியே இல்லை என்கிறார். பில்லில் ‘பற்றரி 1’ என்று மட்டும் இருக்கிறது.

அக்கா, உங்களில் ஒரு பிழையும் இல்லை. பில் கேட்டு வாங்கி, அதைப் பத்திரமாகவும் வைத்திருக்கிறீர்கள், அதுவே பெரிய காரியம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இப்படிப்பட்ட விடயங்களுக்குத்தான் இருக்கிறது. முதலில் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய், வாரண்டி சொன்னதை அவர் முன்னால் நினைவுபடுத்தி, மாற்றித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் அந்தத் திகதியைக் குறித்துக்கொண்டு, பில்லின் பிரதியும் லேபிளின் படமும் சேர்த்து எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆகவே ‘அடுத்த கிழமை வாங்கோ’ என்று அவர் இழுக்க விட்டுவிடாதீர்கள். தொலைபேசி இலக்கம் 1977. எங்கே கொடுப்பது என்று கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்தில்) கேட்கலாம். மற்றவர்களுக்கும் ஒன்று: வாரண்டி எத்தனை மாதம், பற்றரியின் தொடர் இலக்கம் என்ன, இரண்டையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் காசை எடுக்கவேண்டாம்.

மாங்குளம் வாசகி: கனடாவிலிருந்து மாமா வருகிறார். பற்றரியைச் சூட்கேசில் வைத்துக் கொண்டுவரச் சொல்லலாமா?

கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். உதிரி லிதியம் பற்றரியைச் சூட்கேசில் போட்டு அனுப்பக்கூடாது. 100 வாட் அவருக்கு மேற்படாவிட்டால் விமானக் கம்பனியிடம் தனி அனுமதி தேவையில்லை, லப்டொப் பற்றரிகள் அநேகமாக அதற்குள்தான். முனைகளில் டேப் ஒட்டினால் நல்லது. மாமாவுக்கு ‘எச்பி, கறுப்புக் கலர்’ என்று சொல்லி அனுப்பாமல், பழைய பற்றரியைக் கழற்றி அதன் லேபிளில் உள்ள பகுதி இலக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். ஒரே மொடல் லப்டொப்பிலேயே இரண்டு வகைப் பற்றரி வருவதுண்டு.

நெடுங்கேணி வாசகர்: ஃபேஸ்புக்கில் படம் பார்த்து ஓடர் செய்தேன். ஆணித் துவாரம் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. அரத்தால் தேய்த்துப் பூட்டலாமா?

இல்லை.

முள்ளியவளை வாசகர்: கடையில் ஐந்து வருடமாகப் பெட்டி உடைக்காமல் கிடக்கும் கம்பனிப் பற்றரி, பாதி விலை. எடுக்கலாம்தானே?

கால் விலைக்கும் யோசிப்பேன். லிதியம் செல் பாவிக்காமல் வைத்தாலும் வயதாகும், தகரக் கூரை வெக்கையில் இன்னும் வேகமாக. அடியோடு இறங்கிவிட்டிருந்தால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று திரும்ப ஏற்ற விடாமலும் போகலாம். ஆசை விடவில்லை என்றால் உங்கள் லப்டொப்பையே கடைக்குக் கொண்டுபோய், அங்கேயே பூட்டி, நூறு வீதம் ஏறும்வரை இருந்து, பிறகு வயரைக் கழற்றி ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.