மினிடிஸ்க்கில் 1 ஜிபி எப்படி அடங்கியது?

கேள்வி: அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய பழைய மினிடிஸ்க்கில் (ஒலி பதியும் சிறு தட்டு) 80 நிமிடம்தான் பதியலாம். பிறகு வந்த ஹை-எம்டி தட்டும் அதே அளவுதான், ஆனால் 1 ஜிபி. எப்படி?
– வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, லேசர் சூடாக்கும் இடத்தில் காந்தத் திசையை மாற்றித்தான் இத்தட்டில் எழுதுகிறார்கள். லேசர்ப் புள்ளியைவிடச் சிறிய அடையாளத்தையும் எழுதிவிடலாம். வாசிப்பதில்தான் வில்லங்கம்! ஒரே புள்ளிக்குள் பல அடையாளங்கள் அகப்பட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

2004இல் வந்த 1 ஜிபி தட்டில் காந்தப் படலங்கள் அடுக்காக இருக்கின்றன. அடிப்படலம் தரவைக் காக்கும். லேசர் பட்டுச் சூடேறியதும் நடுப்படலம் காந்தத்தன்மையை இழக்க, மேற்படலம் அடிப்படலத்தின் பிடியிலிருந்து விடுபடும். உடனே அதிலுள்ள காந்த எல்லை சூடான பக்கம் நகர்ந்து, குட்டி அடையாளம் வாசிக்கக்கூடிய அளவுக்கு விரியும், ஊதின பலூனில் எழுத்துப் பெருக்கிறமாதிரி. ஆறினதும் பழையபடி. கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான்.

உங்கள் பழைய தட்டையும் ஹை-எம்டி கருவியில் போட்டு 305 எம்பி வரை கொள்ளச் செய்யலாம். ஆனால் அதற்காக ஃபோர்மட் பண்ணினால் உள்ளதெல்லாம் அழியும். நல்லூர்த் திருவிழா நாதஸ்வரம் ஏதும் அதில் கிடந்தால், முதலில் கணினிக்கு மாற்றுங்கோ.