சிறுவிமானத்தின் இறக்கையில் கேமரா: அனுமதி யார் தர வேண்டும், பொறுப்பு யாரைச் சேரும்?

கேள்வி: நான் தனியார் விமானி உரிமம் பெற்றவன். நான் உறுப்பினராக உள்ள பறப்புக் கழகத்துக்குச் சொந்தமான, நான்கு இருக்கைகளும் ஒற்றை எஞ்சினும் கொண்ட விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டி வருகிறேன். அதன் இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட்டில் சக்‌ஷன் கப் (உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர்க் கிண்ணம்) மூலம் ஓர் ஆக்‌ஷன் கேமராவைப் பொருத்திப் படமெடுக்க விரும்புகிறேன். கழகத்தின் பராமரிப்புப் பொறியாளர் கூடாது என்கிறார். உடன் பறக்கும் நண்பரோ, காரில் கைபேசியை மாட்டுவதைப் போன்றதுதான் இது, எழுத்தில் தடை இல்லாதவரை தவறில்லை என்கிறார். காணொளியை இணையத்தில் வெளியிட்டு விளம்பர வருவாய் பெறும் எண்ணமும் எனக்கு உண்டு. சட்டம் என்ன சொல்கிறது? கேமரா கழன்று விழுந்தால் யார் பொறுப்பு?

பதில்: தங்கள் பொறியாளர் சொல்வதே சரி. தங்கள் நண்பர் காரை உவமையாகக் கொண்டதில்தான் பிழை தொடங்குகிறது. ஒரு விமானம் சட்டப்படி பறப்பதற்கு அடிப்படை அதன் பறப்புத் தகுதிச் சான்றிதழ். அந்தச் சான்றிதழோ, இன்ன வடிவமைப்பில், இன்ன உறுப்புகளுடன் உள்ள விமானம் பாதுகாப்பானது என்று ஆராய்ந்து ஒப்புக்கொண்டதன் அடையாளம். அந்த வடிவமைப்பில் இல்லாத ஒரு பொருளை வெளிப்புறத்தில் சேர்த்த கணத்திலேயே, சான்றிதழ் குறிக்கும் விமானமும் தாங்கள் ஓட்டப்போகும் விமானமும் ஒன்றுதானா என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை சொல்லும் அதிகாரம் ஓட்டுபவருக்கு இல்லை. உரிய அங்கீகாரம் பெற்ற பராமரிப்புப் பொறியாளருக்கோ விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கோதான் உண்டு. எழுத்தில் தடை இருக்கிறதா என்று தேடுவதைவிட, எழுத்தில் ஒப்புதல் இருக்கிறதா என்று தேடுவதே இத்துறையில் சரியான வழி.

ஒப்புதல் எந்த வடிவில் தேவை என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்க விதிகள், ஒரு மாற்றம் விமானத்தின் எடை, சமநிலை, கட்டமைப்பு வலிமை, செயல்திறன், எஞ்சின் இயக்கம், பறக்கும் தன்மை ஆகியவற்றைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கக்கூடுமா என்பதைக் கொண்டே அது பெரிய மாற்றமா சிறிய மாற்றமா என்று பிரிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில், முன் ஒப்புதல் இல்லாமலேயே செய்துகொள்ளத்தக்க எளிய மாற்றங்களும் அவற்றுக்கான நிபந்தனைகளும் சிஎஸ்-ஸ்டான் என்ற ஆவணத்தில் தொகுக்கப்பட்டுள்ளன. தாங்கள் எந்த நாட்டில் பறந்தாலும், பொறியாளர் ஆராய்ந்து, பராமரிப்புப் பதிவேட்டில் பதிந்து, கையொப்பமிட்ட பொருத்தம் ஒன்றே பின்னாளில் தங்களைக் காக்கும்.

இதை வெறும் சம்பிரதாயம் என்று தாங்கள் கருதிவிடக் கூடாது என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உறையுடன் கூடிய ஒரு சிறு கேமராவின் எடை சுமார் 150 கிராம்தான். ஆனால் 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் எதிர்க்காற்று அதன் முகப்பில் ஏறத்தாழ அரை கிலோ எடைக்கு நிகரான விசையைச் செலுத்தும். அதிர்வும் காற்றுக் கொந்தளிப்பும் அதன்மேல் வேறு. சக்‌ஷன் கப்போ வெளிக்காற்றின் அழுத்தத்தால் மட்டுமே பிடித்து நிற்பது. 10,000 அடி உயரத்தில் அந்த அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடாகக் குறைந்துவிடும். தரையில் இழுத்துப் பார்த்து உறுதி என்று நம்பிய பிடி, மேலே செல்லச் செல்லத் தளர்கிறது. ஸ்ட்ரட்டின் வளைந்த பரப்பில் அது முழுமையாகப் படிவதும் அரிது. கழன்ற கேமரா நேராகத் தரைக்குப் போய்விடும் என்பதற்கும் உறுதியில்லை; பின்னால் இருப்பது வால்பகுதியும், விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும். விமானத்தை இடமும் வலமும் சாய்க்கும் எய்லரான் போன்ற அசையும் பரப்புகளின்மீதோ, வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய், உயரத்தை அளக்க உதவும் நிலையழுத்தத் துளை, இறக்கை தூக்குவிசையை இழக்கப்போவதை உணர்த்தும் ஸ்டால் எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றின் அருகிலோ பொருத்துவதை எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது.

இனி பொறுப்பு. பறக்கும் விமானத்திலிருந்து எதையும் விழவிடாமல் பார்த்துக்கொள்வது விமானியின் கடமை என்பது உலகெங்கும் விமான விதிகளின் அடிப்படைகளில் ஒன்று. இழப்பீட்டைப் பொறுத்தவரை சட்டம் இன்னும் கடுமையானது. 1952-ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கையின்படி, தரையில் பாதிக்கப்பட்டவர் அந்தச் சேதம் பறக்கும் விமானத்தாலோ அதிலிருந்து விழுந்த பொருளாலோ ஏற்பட்டது என்பதை மட்டும் மெய்ப்பித்தால் போதும். யாருடைய கவனக்குறைவு என்று காட்ட வேண்டியதில்லை. அந்த உடன்படிக்கையை ஏற்ற நாடுகள் குறைவே என்றாலும், அதே கொள்கை பல நாடுகளின் உள்நாட்டுச் சட்டங்களில் இடம்பெற்றுள்ளது. பிரிட்டனின் 1982-ஆம் ஆண்டு குடிமை விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு ஒரு சான்று. அத்தகைய சட்டங்களின்கீழ் பாதிக்கப்பட்டவர் முதலில் விமானத்தின் உரிமையாளரை, அதாவது தங்கள் கழகத்தை நாடுவார். கழகமோ, தன் அனுமதியின்றிக் கேமராவைப் பொருத்தியவர் என்று தங்களிடம் அந்தத் தொகையைக் கோரும்.

அந்த வேளையில் காப்பீடு கைகொடுக்கும் என்றே பலரும் நம்பியிருக்கிறார்கள். விமானக் காப்பீட்டு ஒப்பந்தங்களில், விமானம் செல்லுபடியாகும் பறப்புத் தகுதிச் சான்றிதழுடனும் விதிகளுக்கு இணங்கவும் இயக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக இருக்கும். ஒப்புதலற்ற வெளிப் பொருத்தம் ஒன்றே, அந்த நிபந்தனை மீறப்பட்டது என்று கூறிக் காப்பீட்டாளர் மறுப்பதற்கு இடம் கொடுத்துவிடும். எனவே பொறியாளரின் கையொப்பத்துடன், கழகத்தின் எழுத்துப்பூர்வ இசைவையும் காப்பீட்டாளரின் பதிலையும் முன்கூட்டியே பெறுங்கள். வாய்மொழி இசைவை நம்பாதீர்கள்.

படமெடுக்கும் உரிமை தனியொரு விஷயம். சர்வதேசக் குடிமை விமானப் போக்குவரத்துக்கான 1944-ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு, தன் நிலப்பரப்புக்கு மேல் விமானங்களில் ஒளிப்படக் கருவிகளைப் பயன்படுத்துவதைத் தடைசெய்யவோ ஒழுங்குபடுத்தவோ ஒவ்வொரு நாட்டுக்கும் அதிகாரம் அளிக்கிறது. ஆகவே எல்லை கடந்து பறப்பதாயின், புறப்படும் நாட்டின் அனுமதி மட்டும் போதாது.

விளம்பர வருவாய் குறித்துக் கேட்டிருந்தீர்கள். தனியார் விமானி உரிமத்தைக் கொண்டு ஊதியத்துக்காகப் பறக்க இயலாது என்பது பொதுவான விதி. தாங்கள் எப்படியும் மேற்கொண்டிருக்கக்கூடிய பயணத்தின் பதிவு பின்னர் சிறிது வருவாய் ஈட்டுவது வேறு. ஒரு நிறுவனத்திடம் பணம் பெற்றுக்கொண்டு அதன் காட்சிக்காகவே பறப்பது வேறு. இரண்டாவதற்கு வணிக உரிமம் தேவைப்படும். முதலாவதையும், தொடர் வருவாய் வரத் தொடங்கினால், ஆணையத்திடம் எழுதிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதே நல்லது. உடன் வருவோரின் முகமும் குரலும் பதிவாகும் என்றால், அவர்களது இசைவைப் புறப்படுமுன் பெற்றுவிடுங்கள்.

கடைசியாக, தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிவு ஒருநாள் சாட்சியமாகக்கூடும். 2014-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செஸ்னா 150 விமானம் விழுந்து இருவர் உயிரிழந்தபோது, அதில் இருந்த கேமராவின் பதிவுகள், அவ்விமானி அதற்கு முந்தைய பறப்புகளில் கைபேசியால் தம்மைத்தாமே படமெடுத்துக்கொண்டதைப் புலனாய்வாளர்களுக்குக் காட்டின. விபத்துக்குத் துணைநின்ற காரணமாகக் கைபேசிப் பயன்பாட்டை அவர்கள் குறித்தனர். 2021-இல் கலிபோர்னியாவில், பல கேமராக்கள் பொருத்திய விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துக் காணொளி வெளியிட்ட ஒருவரின் விமானி உரிமத்தை அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் ரத்து செய்தது. ஆனால் 2023-இல் அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது விழுந்த விமானத்தின் சிதைவுகளை அழித்து, புலனாய்வைத் தடுக்க முயன்றதற்காக. ஆகவே விபத்தோ, மயிரிழையில் தப்பிய நிகழ்வோ நேர்ந்தால், நினைவு அட்டையைத் தொடாமல் அப்படியே பாதுகாத்து வையுங்கள். எதையும் அழிக்குமுன் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

தற்போதைக்குக் கேமராவை விமானத்துக்குள்ளேயே, பார்வையையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் கதவையும் மறைக்காத இடத்தில், காந்தத் திசைகாட்டியிலிருந்து விலக்கி, பொறியாளரிடம் காட்டிய பிறகே பொருத்திக்கொள்ளுங்கள். அதைத் தரையிலேயே இயக்கிவிட்டு, மீண்டும் தரையிறங்கும்வரை தொடாதீர்கள். ஸ்ட்ரட்டில்தான் வேண்டும் என்றால், ஒப்புதலுக்கான விண்ணப்பத்தை அந்தப் பொறியாளரின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தவரே முறையான வழியையும் அறிந்திருப்பார்.